படிப்பினிடையே வேலைப் பயிற்சி: பயன் உண்டா?

சென்ற மே மாதத்தில் ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்து கோவில் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். திருமங்கலத்தில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், நான்காக மடித்த தாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி நம்மை அணுகினார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருக்கிறான். இயந்திரங்களில் ஆசை கொண்ட பிள்ளை. மதுரையிலேயே, வீட்டிலிருந்து போய்வந்து, மூன்றாண்டு டிப்ளமா படிக்கலாம். இன்றேல் கோவைக்குச் சென்று, மூன்றரை ஆண்டுகள் நடைபெறும் 'சாண்ட்விச்' டிப்ளமா படிக்கலாம். பின்னதில் படிப்பின் இடையே ஆலைக்குப் போய் மாதக் கணக்கில் வேலை பழக வேண்டும். அரை ஆண்டு கூடுதல். விடுதிச் செலவும் உண்டு. எதில் சேர்ப்பது என்பதே அவருடைய கேள்வி.

நாம் வாய் திறக்குமுன் அவரே தம் கதையைச் சொன்னார். சிறு வயதில் அவரைப் புது மண்டபத்துத் தையற்காரர் ஒருவரிடம் தொழில் கற்கச் சேர்த்தார்களாம். மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே, அம்மண்டபத்துச் சிற்பத் தூண்களின் நடுவே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு ஆண்டுகள் அவர் செய்தவை காஜா எடுப்பதும், பொத்தான் தைப்பதும், தேநீர் வாங்கி வருவதுமே. துணியில் கோடு போட்டு வெட்டும் வேளை வந்தால், முதலாளி பையனை நூற்கண்டு வாங்கிவர வெளியே அனுப்பிவிடுவார். பின்னர் வேறொரு கடையில் இருந்த முதியவர் ஒருவர், பழைய செய்தித்தாளை விரித்து, அதில் அளவெடுத்து வெட்டிக் காட்டி, மூன்றே மாதத்தில் தொழிலைக் கற்பித்துவிட்டார்.

"அங்கே இரண்டு வருஷம், இங்கே மூன்று மாதம். என் பையன் ஆலைக்குப் போய்க் காஜா எடுக்கப் போகிறானா, வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறானா? அதை மட்டும் சொல்லுங்கள், ஐயா" என்றார் அவர்.

படிக்கும் காலத்தில் வேலைப் பயிற்சி தேவையா என்பது பற்றிக் கல்வியாளர் பலர் எழுதியிருக்கின்றனர். ஆயினும் அந்தத் தையற்காரர் கேட்டதைவிடப் பொருத்தமான கேள்வியை நாம் கண்டதில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் விண்ணப்பங்களோடு அலையும் இந்நாளில், அக்கேள்வியை நம் குடும்பங்கள் அனைத்தும் கேட்டுப் பார்ப்பது நலம் என்று கருதியே இத்திங்கள் இதனை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் இம்முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆசிரியராக இருந்த ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 1906-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினார். படிக்கும்போதே எங்காவது வேலை செய்து பழகிய மாணவர்கள், தொழிலில் இறங்கியபின் மற்றவரைவிடச் சிறந்து விளங்கியதை அவர் கவனித்திருந்தார். ஆகவே மாணவரை இரு அணியாகப் பிரித்தார். ஓர் அணி வகுப்பில் இருக்கும் வாரம் மற்றோர் அணி தொழிற்சாலையில் இருக்கும்; அடுத்த வாரம் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். தொழிற்சாலையில் செய்த வேலைக்குக் கூலியும் உண்டு. முதலில் சேர்ந்தோர் 27 மாணவர்கள். கல்லூரியும் தொழிற்சாலையும் கூடிக் கற்பிப்பதால் இதற்குக் 'கூட்டுறவுக் கல்வி' என்று பெயர் வந்தது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இல் இம்முறையோடுதான் பிறந்தது. அங்கே பொறியியல் மாணவர் ஒரு பருவம் படித்து, ஒரு பருவம் சம்பளத்துக்கு வேலை செய்து, மாறி மாறிப் பயில்வர். பட்டம் பெறுமுன் ஏறக்குறைய ஈராண்டுக் கால வேலை அனுபவம் கைக்கு வந்துவிடுகிறது. டொரொண்டோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் 'கோ-ஆப்' என்னும் சொல் இன்று சோறு, குழம்பு போலப் பழகிவிட்டது. பிரிட்டனில் இதன் உடன்பிறப்பான முறைக்குத்தான், இரு ரொட்டித் துண்டுகளின் நடுவே உணவை வைப்பதுபோல இரு படிப்புக் காலங்களின் நடுவே வேலையை வைப்பதனால், 'சாண்ட்விச்' என்று பெயரிட்டார்கள். அப்பெயரே நம் நாட்டுக்கும் வந்தது.

நம் தமிழகத்தில் இம்முறைக்குக் கோவையே தாய்வீடு. அங்கே சி.ஐ.டி. நிறுவனத்தின் பாலிடெக்னிக், தன் பெயரிலேயே 'சாண்ட்விச்' என்னும் சொல்லைத் தாங்கி நிற்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டத்தையே ஐந்தாண்டுச் சாண்ட்விச் படிப்பாகப் பயிலும் பிரிவுகள் உண்டு. மோட்டார், பம்பு செய்யும் தொழிற்கூடமும் கல்விக்கூடமும் ஒரே அறநிலையத்தின் நிழலில் வளர்ந்த இடம் அது. வட இந்தியாவில் பிலானியில் உள்ள பிட்ஸ் நிறுவனம் 1973-இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இறுதியாண்டில் ஐந்தரை மாதம் போல மாணவர் தொழிலிடங்களில் இருப்பர். அத்திட்டத்தில் நம் கவனத்துக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. மாணவரை அனுப்பிவிட்டுக் கல்லூரி கைகழுவிவிடுவதில்லை. ஆசிரியர் ஒருவரையும் அவ்விடத்துக்குப் பொறுப்பாக நியமிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். மீண்டும் இதற்கு வருவோம்.

'படிக்கப் போன பிள்ளை எதற்கு வேலை செய்ய வேண்டும்?' என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்களை ஒன்று கேட்கிறோம். 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை, தேர்வுகளை எல்லாம் முடித்த பின்னும், பயிற்சி மருத்துவராக ஓராண்டு நோயாளிகளிடையே நடமாட வேண்டும். அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கும் அப்பிள்ளைகளைக் காணலாம். அந்த ஓராண்டை வேண்டாமென்று யாராவது சொல்வோமா? புத்தகம் மட்டும் படித்த மருத்துவரிடம் நம் குழந்தையைக் கொடுப்போமா? பி.எட். படிப்போர் பள்ளிக்குச் சென்று பாடம் நடத்திப் பழகுகின்றனர். செவிலியர் பயிற்சியில் பாதிப் படிப்பு நோயாளியின் கட்டிலருகே நடக்கிறது.

ஒத்தக்கடை அருகே 1965-இல் அமைந்த வேளாண்மைக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவரை நம் கிராமத்து வாசகர் பலர் அறிவர். ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டத்தின்படி அவர்கள் மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் தங்கி, உழவரோடு வயலில் இறங்கிப் பழகுகின்றனர். விதை நேர்த்தி செய்யும் முறையை இவர்கள் உழவருக்குக் காட்ட, மழை தவறிய ஆண்டில் எந்தப் பயிர் கைகொடுக்கும் என்பதை உழவர் இவர்களுக்குச் சொல்கிறார். திண்டுக்கல் செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே உள்ள காந்திகிராமக் கிராமிய நிறுவனம் 1956-இல் தோன்றியது. அங்கே பயிலும் மாணவரும் ஊர்களில் போய்த் தங்கி மக்களிடம் கற்பதைப் படிப்பின் ஒரு பகுதியாகவே கொண்டுள்ளனர். கைத்தொழிலோடு கல்வி என்று காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த கருத்தின் மணம் அங்கே வீசுகிறது. ஆகவே, வேலையோடு கல்வி என்பது நமக்குப் புதிதும் அன்று, அந்நியமும் அன்று.

இனி, இதனால் மாணவர் பெறுவது யாது? ஆலைக்குப் போய்வந்த பிள்ளைகள் பலரோடு பேசியதிலிருந்து நாம் அறிந்ததைச் சொல்கிறோம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று புத்தகத்தில் படித்தபோது அது வெறும் எண். அந்த அளவு தவறியதால் ஒரு நாள் முழுவதும் கடைந்த உருளைகள் கழிவுக் கூடையில் விழுவதைக் கண்டபின், அந்த எண்ணை அவர்கள் மறப்பதில்லை. காலை ஷிப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால், இரவு முழுவதும் நின்ற ஒருவர் வீடு செல்வது தடைப்படும் என்பதை உணர்கின்றனர். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட போர்மேன், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லுவதைக் கண்டு, பட்டத்தின் செருக்கு சற்றே அடங்குகிறது. கல்லூரிக்குத் திரும்பியபின் வகுப்பில் கேட்கும் கேள்விகளே மாறிவிடுகின்றன. முன்பு 'இது தேர்வுக்கு வருமா?' என்று கேட்டவன், இப்போது 'அங்கே இப்படி நடக்கவில்லையே, ஏன்?' என்று கேட்கிறான்.

மற்றொரு பயனையும் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள், தாம் தேர்ந்த துறை தமக்கு ஒவ்வாது என்பதை ஆலையில்தான் அறிகின்றனர். பெற்றோருக்கு இது முதலில் வருத்தம் தரலாம். ஆனால் பதினெட்டு வயதில் அறிவது நல்லதா, முப்பது வயதில், மனைவி மக்களோடு, அறிவது நல்லதா என்று எண்ணிப் பார்த்தால் வருத்தம் தணியும். அன்றியும், நம் குடும்பங்கள் பலவற்றில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ கைதூக்கிவிடும் உறவினர் எவரும் இல்லை. அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு, ஆறு மாதம் தன் உழைப்பைக் கண்ணால் கண்ட மேற்பார்வையாளர் ஒருவர் சொல்லும் நற்சொல்லே சிபாரிசு. முதல் தலைமுறையாகக் கல்லூரி மிதிக்கும் பிள்ளைகளுக்கு இதன் மதிப்பை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் நாணயத்தின் ஒரு பக்கம். மறுபக்கத்தை மறைத்தால் தையற்காரர் நம்மை மன்னிக்க மாட்டார்.

'பயிற்சி' என்னும் நல்ல சொல்லைக் கொண்டு நம் மண்ணிலேயே செய்யப்பட்ட தீமையை நம் குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா. 2000-ஆம் ஆண்டுக்குப் பிந்திய காலத்தில், திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழைக் குடும்பத்து இளம் பெண்களைச் சேர்த்தனர். மூன்றாண்டு போல விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணத்துக்கு உதவும் ஒரு தொகை மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்கு. அப்பெண்கள் ஏட்டில் 'பயிலுநர்'. ஆலையிலோ முழுநேரத் தொழிலாளி. ஒரு தொழிலாளி செய்யும் வேலை அனைத்தையும் செய்தனர்; தொழிலாளிக்குரிய கூலியும் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. விடுதியைவிட்டு வெளியே செல்லவும் தடை இருந்தது. இடையில் உடல் நலிந்து வீடு திரும்பியவர் பலர் அந்தத் தொகையைக் காணவே இல்லை. தொழிற்சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் குரல் எழுப்பிய பின்பே நாடும் உலகமும் அதனைத் திரும்பிப் பார்த்தன. சில வாரங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வேலையை மூன்றாண்டு 'கற்றார்கள்' அப்பெண்கள். காஜா எடுத்த கதை, ஆயிரம் மடங்கு பெரிதாக!

அதே மதுரை மண்ணில் இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, உதவித்தொகையும் தங்குமிடமும் தந்து, ஈராண்டு பயிற்றுவிக்கிறது. முதலில் பாடம், பின்பு மூத்தவர் அருகில் நின்று பார்த்தல், அதன்பின் தாமே செய்தல் என்று படிப்படியாக அவர்கள் உயர்கின்றனர். பார்வையைச் சோதிப்பதிலிருந்து அறுவைக் கூடத்தில் துணை நிற்பது வரை அம்மருத்துவமனையின் பெரும்பகுதி வேலை இன்று அவர்கள் கையிலேயே நடக்கிறது. ஏழை வீட்டிலிருந்து வந்த இளம் பெண்கள், விடுதி வாழ்க்கை, பயிற்சி என்னும் பெயர்: இவை மூன்றும் இரண்டு இடத்திலும் ஒன்றே. வேறுபாடு எதில்? ஓரிடத்தில் கற்பிப்பவர் இருக்கிறார். மற்றோரிடத்தில் மேய்ப்பவர் மட்டுமே இருந்தார்.

ஆகவே நாம் வந்தடைந்த முடிவு எளியது. வேலைப் பயிற்சி பயனுள்ளதா என்று பொதுவில் கேட்பதில் பொருளில்லை. வேலை நடக்கும் இடத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதே கேள்வி. ராஜாஜி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவரின் பின்னே பேராசிரியர் நிற்கிறார். பிலானி மாணவரோடு ஆசிரியரும் போகிறார். அவ்வாறு யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்பப்படும் பிள்ளை, எவ்வளவு பெரிய நிறுவனமானாலும், மலிவான கூலியாளே.

இந்நாளில் வேறொரு நோயும் பரவியிருக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் மட்டுமன்றிக் கலைக் கல்லூரிகளிலும் 'இன்டர்ன்ஷிப்' இப்போது பாடத்திட்டத்தில் புகுந்துள்ளது. பட்டப் படிப்போடு தொழிற்பயிற்சியை இணைப்பதற்கான வழிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வெளியிட்டது. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் மாணவரின் தொழில்திறனை வளர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. நோக்கம் நன்றே. ஆனால் கட்டாயம் என்று வந்தவுடன், பணம் கட்டினால் சான்றிதழ் தரும் கடைகளும் முளைத்துவிட்டன. நான்கு நாள் எட்டிப்பார்த்துவிட்டு ஒரு மாதப் பயிற்சி என்று தாள் வாங்கிவரும் பிள்ளைகளை நாம் அறிவோம். அதற்குப் பணம் கொடுத்த பெற்றோரையும் அறிவோம். நேர்முகத் தேர்வில் 'அங்கே என்ன செய்தாய்?' என்னும் முதற் கேள்வியிலேயே அந்தத் தாள் கிழிந்துவிடும். பொய்ச் சான்று வாங்கிக் கொடுத்தால், பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்த முதல் தொழில் பொய் என்றாகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 1973-இல் வந்த திருத்தம், பொறியியல் பட்டம், டிப்ளமா பெற்றோரையும் அவற்றுக்காகப் பயில்வோரையும் அதனுள் கொண்டுவந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. இச்சட்டப்படி, பழகுநருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்து, அது பதிவாக வேண்டும். மாத உதவித்தொகை உண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு ரூ. 9,000, டிப்ளமா பெற்றவருக்கு ரூ. 8,000 என்று குறைந்த அளவை வகுத்தன. சேரும்போது நடப்பில் உள்ள தொகை எவ்வளவு என்று கேட்டறிந்துகொள்க. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம் மட்டும், ஒப்பந்தத்தில் எழுதியிராவிட்டால், இல்லை.

இவை எல்லாவற்றையும்விட நம் மனத்தைக் கவர்ந்த விதி ஒன்று அச்சட்டத்தில் உண்டு. பழகுநருக்கு உருப்படிக் கணக்கில் கூலி தரக்கூடாது. உற்பத்தியைக் கூட்டுவதற்கான ஊக்கத் தொகைத் திட்டங்களில் அவரைச் சேர்க்கவும் கூடாது. ஏன்? நாளொன்றுக்கு எத்தனை உருப்படி என்று எண்ணத் தொடங்கிவிட்டால், கற்பது நின்றுவிடும் என்பதை அச்சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். நூறு காஜாவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், எந்தப் பையன் வெட்டக் கற்றுக்கொள்வான்?

அரை ஆண்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மூன்றாண்டு டிப்ளமா முடித்தவர், பின்னர் ஓராண்டு பழகுநராகச் சேர்ந்து உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். ஆக நான்கு ஆண்டு. சாண்ட்விச் படிப்பில் மூன்றரை ஆண்டில் இரண்டும் முடிகின்றன. அவ்வாறாயின் கூடுதலான அரை ஆண்டு இழப்பன்று. ஆனால் படிப்பு முடித்த பின் பெறும் உதவித்தொகை, வறிய குடும்பத்துக்கு உடனே கைகொடுக்கும். வெளியூர் விடுதிச் செலவோ முதல் மாதத்திலிருந்தே கடன் கேட்கும். கடன் வாங்கித்தான் கோவைக்கு அனுப்ப வேண்டுமென்றால், மதுரையில் படித்து, முடித்தபின் பழகுநராகச் சேர்வதும் நல்வழியே. அதற்காக எந்தப் பிள்ளையும் தாழ்ந்துவிடாது.

எனவே கல்லூரியில் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம். முதலாவது, ஆலையில் என் பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார், கல்லூரியிலிருந்து எந்த ஆசிரியர் எத்தனை முறை அங்கே வந்து பார்ப்பார்? 'எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்' என்று விடை வந்தால், யாரும் பார்த்துக்கொள்ளமாட்டார்கள் என்று பொருள். இரண்டாவது, பயிற்சிக் காலத்தில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் இருப்பான்? ஒரே இயந்திரத்தின் முன் ஆறு மாதம் நிற்பது பயிற்சியன்று. மூன்றாவது, ஒப்பந்தம் உண்டா, உதவித்தொகை எவ்வளவு, வேலை நேரம் என்ன? நான்காவது, நாட்குறிப்பு எழுத வேண்டுமா, அதைப் படித்து மதிப்பெண் இடுபவர் யார்? ஐந்தாவது, அங்கே பயிற்சி முடித்த மூத்த மாணவர் இருவரோடு நாங்கள் பேசலாமா? இந்த ஐந்தாவது கேள்விக்குத் தயங்கும் இடத்தில் சற்று யோசியுங்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்று சேர்த்துக் கேட்க வேண்டும்: தங்குமிடம் எது, இரவு ஷிப்டு உண்டா, போக்குவரத்து எவ்வாறு? பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைகளைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சி பெறுவோரும் பழகுநரும் அச்சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவரே. இதை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அஞ்சி அவளை வீட்டில் நிறுத்திக்கொள்வதைவிட, அறிந்து அனுப்புவது மேல்.

நம் வாசகருள் தொழில் நடத்துவோரும் உளர். கப்பலூரிலும் கே. புதூரிலும் பட்டறை வைத்திருப்போர், கணக்கர் அலுவலகம் நடத்துவோர், அச்சகம் நடத்துவோர் எனப் பலர் நம் பங்குகளில் இருக்கின்றனர். உங்களிடம் ஒரு மாணவன் பயிற்சிக்கு வருகிறான். அவனைத் தேநீர் வாங்க அனுப்புவது எளிது. கணினியில் பழைய கணக்கைப் பதியச் சொல்லி மூலையில் உட்கார வைப்பது அதனினும் எளிது. கற்பிப்பதற்கோ உங்கள் நேரம் செலவாகும், சில பொருள் பாழாகும். உற்பத்தியாகும் பொருளைவிட உழைக்கும் மனிதனே உயர்ந்தவன் என்பது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட தொழில் பற்றிய சுற்றுமடலின் சாரம். அதை மே முதல் நாள் பிரசங்கத்தில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, மறுநாள் பட்டறையில் மறந்துவிடுவது நமக்கு அழகன்று. துணி வெட்டும்போது பையனை வெளியே அனுப்பாதீர்கள். அருகில் நிறுத்திக் காட்டுங்கள்.

தையற்காரருக்கு நாம் என்ன விடை சொன்னோம் என்று கேட்பீர்கள். சேருங்கள் என்றோ சேர்க்காதீர்கள் என்றோ நாம் சொல்லவில்லை. மேற்சொன்ன ஐந்து கேள்விகளையும் அவருடைய மடித்த தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தோம். மறு வாரம் மகனை அழைத்துக்கொண்டு கோவைக்குப் பேருந்து ஏறினார். இரண்டு ஞாயிறு கழித்து அதே வேப்பமரத்தடியில் நம்மைக் கண்டார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் நேரான விடை கிடைத்ததாம். உதவித்தொகை ஆலைக்கு ஆலை வேறுபடும் என்றார்களாம். மூத்த மாணவர் இருவரோடு பேசவும் விட்டார்களாம். அவர்களுள் ஒருவர் ஒளிக்காமல், "முதல் மாதம் இரும்புத் தூள் கூட்டினேன், இரண்டாம் மாதம் தச்சர் மாதிரி அளவெடுக்கச் சொன்னார்கள், நான்காம் மாதம் லேத் என் கையில் வந்தது" என்று சொன்னாராம்.

"கூட்டட்டும், ஐயா. நானும் கூட்டியிருக்கிறேன். நான்காம் மாதம் கையில் வருகிறதல்லவா?" என்றார் அவர். விடுதிச் செலவை எண்ணி வீட்டம்மாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லையாம். பங்கின் கல்வி உதவி நிதிக்கு விண்ணப்பம் எழுத நாம் உதவினோம். அது முழுச் செலவுக்கும் போதாது. தீபாவளி, கிறிஸ்மஸ் தையல் வேலையில் மீதியைச் சரிக்கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

விடைபெறுமுன் மகனை நம் முன்னே நிறுத்தி, "ஆலைக்குப் போனபின் வாரம் ஒருமுறை போன் செய்வேன். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பாள். நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வாரம் எதை வெட்டக் கற்றுக்கொண்டாய்?" என்றார். பையன் சிரித்துக்கொண்டே தலையசைத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பயிற்சிக்குப் போய்வந்த அனுபவம், இனிப்பாயினும் கசப்பாயினும், நமக்கு எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் விண்ணப்பத் தாளோடு நிற்கப்போகும் பெற்றோருக்கு அவை உதவும்.